சின்ன செயின்ரிங்குக்கு ஃப்ரண்ட் டீரெய்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளில் மிதிக்கட்டையோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம்தான் செயின்ரிங். முன்னால் இருக்கும் 50-34 செட்டைக் கழற்றிவிட்டு 46-30, 42-26 என்று சின்னதாக மாட்டுவது பெரிய வேலை இல்லை. தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பெரிய செயின்ரிங்குக்குச் செயின் ஏற மறுக்கும், அல்லது ஏறித் தாண்டி வெளியே விழும், அல்லது சின்னதில் ஓட்டும்போது எங்கேயோ உரசிக்கொண்டே வரும். உடனே எல்லோரும் கையில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவர். பெரும்பாலான நேரம் கோளாறு ஸ்க்ரூவில் இல்லை, செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் டீரெய்லர் நிற்கும் உயரத்தில் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

சுருக்கத்துக்காக ஃப்ரண்ட் டீரெய்லரை எஃப்.டி. என்றே எழுதுகிறேன். கேஜ் என்றால் செயின் நடுவில் புகுந்து போகும் அந்த இரட்டைத் தகடு. 46-30 என்றால் பெரிய செயின்ரிங்கில் 46 பல், சின்னதில் 30 பல்.

சின்ன செயின்ரிங்கால் என்ன லாபம்? 50-34 போதாதா?

சமதரையில் பாரம் இல்லாமல் வேகமாக ஓட்டுபவருக்குப் போதும். மற்றவர்கள் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 700 அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். முன்னால் 50, பின்னால் 11 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கி.மீ. வேகம். அந்த வேகத்தில் நாம் எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம்? 46 பல்லில் அதே மிதிக்கு 47 கி.மீ., 42 பல்லில் 43 கி.மீ. அதற்கு மேல் வேகம் இறக்கத்தில்தான் வரும், அங்கே மிதிக்காமல் உருண்டாலே போதும்.

இப்போது மறுமுனை. முன்னால் 34, பின்னால் 34 போட்டு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 10 கி.மீ. முன்னால் 30 என்றால் 9-க்குச் சற்றுக் குறைவு, 26 என்றால் 7.7. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பையும் பாரமுமாக 10 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க எத்தனை பேரால் முடியும்? வேகம் விழும்போது மிதியும் 60, 50 என்று இறங்கிவிடும். அந்தச் சுமை முழுக்க முழங்காலில்தான் இறங்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்சின் மலைப்பாதைகளில் நெடும்பயணம் போகிறவர்கள் பல பத்தாண்டுகளாக இப்படிப்பட்ட கியர்களோடுதான் ஓட்டினார்கள். டூர் டி பிரான்ஸில் டீரெய்லர் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே செயிண்ட் எத்தியென் ஊரில் வெலோசியோ என்று அறியப்பட்ட பால் தெ விவி பல கியர் வைத்த சைக்கிளுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். நாம் கடையில் வாங்கும் ரோட் பைக்கின் பல் எண்ணிக்கை பந்தயக்காரர்களின் காலை வைத்து வந்தது. நம் காலுக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு பல் குறைந்தால் எஃப்.டி. எவ்வளவு கீழே வர வேண்டும்?

2 மி.மீ. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மி.மீ. அதனால் ஒரு பல் குறையும்போது செயின்ரிங்கின் ஆரம் 2 மி.மீ. சுருங்குகிறது. 50-லிருந்து 46-க்கு வந்தால் 8 மி.மீ., 42-க்கு வந்தால் 16 மி.மீ., 38-க்கு வந்தால் 24 மி.மீ. எஃப்.டி. கீழே இறங்க வேண்டும். எதையும் வாங்கும் முன்னால் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, உங்கள் ஃபிரேமில் அவ்வளவு இறங்க இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

இப்போது இருக்கும் ரோட் எஃப்.டி.யே ஓடுமா?

46 பல்லுக்குப் பெரும்பாலும் ஓடும். 44 எல்லைக்கோடு. 42-க்குக் கீழே போனால் வேறு எஃப்.டி. பார்ப்பதே நல்லது.

காரணம் கேஜின் வளைவு. வெளித் தகட்டின் கீழ் விளிம்பை உற்றுப் பாருங்கள், அது ஒரு வட்டத்தின் துண்டு. ரோட் எஃப்.டி.யில் அந்த வட்டம் 50 பல்லை ஒட்டிய அளவுக்கு வளைக்கப்பட்டது. அதைச் சின்ன செயின்ரிங் மேல் வைத்தால் முன்பக்கம் பல்லை ஒட்டி நிற்கும், பின்னால் போகப் போக இடைவெளி விரியும். முன்முனை பல்லைத் தொடும் அளவுக்கு இறக்கியதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து 70 மி.மீ. பின்னால் எவ்வளவு விரிகிறது என்று தோராயமாகக் கணக்கிட்டால், 46 பல்லுக்கு 2 மி.மீ., 42 பல்லுக்கு நாலரை மி.மீ., 34 பல்லுக்கு 11 மி.மீ. வருகிறது. இரண்டு மி.மீ. விரிந்தால் கியர் மாறும்போது வித்தியாசமே தெரியாது. நாலரைக்கு மேல் போனால் தகடு செயினைப் பல்லுக்குப் பக்கத்தில் தள்ளாமல் உயரத்தில் பிடித்துத் தள்ளும். செயின் வளைந்து கொடுக்குமே தவிர பல்லில் போய் உட்காராது. உட்காரும்போது ஒரேயடியாகத் தாண்டி வெளியே போய்விடும்.

எஃப்.டி. வாங்கும்போது விவரக் குறிப்பில் எதைப் பார்ப்பது?

முதலில் பெரிய செயின்ரிங் எத்தனை பல் வரை என்று போட்டிருக்கும் எண். அது மேல் வரம்பு மட்டுமல்ல, கேஜ் எந்த வட்டத்துக்கு வளைக்கப்பட்டது என்பதற்கான அடையாளமும் அதுதான். அடுத்தது கெப்பாசிட்டி, அதாவது பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள பல் வித்தியாசம். ரோட் எஃப்.டி.யில் இது பொதுவாக 16. 46-30 சரியாக அதில் அடங்கும், 42-26-ம் அடங்கும், 42-24 அடங்காது. மூன்று செயின்ரிங்குக்கான மலை சைக்கிள் எஃப்.டி.யில் 20, 22 வரை போகும்.

செயின்லைன் என்பது ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் செட்டின் நடு வரைக்கும் உள்ள தூரம். ரோட் இரட்டைக்கு 43.5 மி.மீ. வழக்கமான அளவு. மலை சைக்கிளுக்கு 47.5, 50 என்று வெளியே தள்ளியிருக்கும். மண்பாதை சைக்கிளுக்கான ஷிமானோ ஜி.ஆர்.எக்ஸ். கிராங்குக்கு (செயின்ரிங்குகளைத் தாங்கும் மிதிக்கை செட்) 46.9. எஃப்.டி.க்கும் கிராங்குக்கும் இந்த எண் ஒத்துப்போகாவிட்டால் கேஜ் உள்ளே வரும்போதோ வெளியே போகும்போதோ கடைசி மில்லிமீட்டர் எட்டாது. எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் எட்டாது, ஏனென்றால் கையே அவ்வளவுதான் நீளும்.

செயின்ஸ்டே கோணம் என்று ஒரு எண் இருக்கும். மலை சைக்கிள் வகைகளில் 63–66 பாகை, 66–69 பாகை என்று இரண்டு ரகம். சீட் டியூபுக்கும் (இருக்கையைத் தாங்கும் குழாய்) செயின்ஸ்டேக்கும் (அதன் அடியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) நடுவில் உள்ள கோணம் அது. சின்ன செயின்ரிங் போடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் கேஜின் வால் செயின்ஸ்டேயில் இடிக்கும்.

மீதியெல்லாம் உங்கள் ஃபிரேமைப் பொறுத்தது: கிளாம்ப் அளவு 28.6, 31.8, 34.9 மி.மீ. இவற்றில் எது, கேபிள் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா, கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டில் ஸ்டாண்ட் ஸ்க்ரூ குறுக்கே நிற்கிறதா.

சரி, எந்த செயின்ரிங்குக்கு எந்த எஃப்.டி.?

48-31, 46-30 போட்டால் நேரான வழி ஜி.ஆர்.எக்ஸ். எஃப்.டி. ஆர்.எக்ஸ்.810, ஆர்.எக்ஸ்.400 இரண்டுமே ரோட் ஷிஃப்டரோடு (கியர் மாற்றும் லீவர்) ஓடும். ஆனால் அவை ரோட் எஃப்.டி.யைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும்படி செய்யப்பட்டவை. ஜி.ஆர்.எக்ஸ். கிராங்க் இருந்தால் இதை வாங்குங்கள். சாதாரண ரோட் செயின்லைனில் 46-30 கிராங்க் போட்டிருந்தால் ரோட் எஃப்.டி.யையே இறக்கிப் பொருத்துவது நல்லது. எஸ்ராம் நிறுவனத்தின் 43-30 செட்டுக்கு அதற்கென்றே வைட் என்ற பெயரில் தனி எஃப்.டி. உண்டு. அங்கே கலப்படம் செய்யாதீர்கள்.

44, 42 பல் என்றால் மூன்று செயின்ரிங்குக்கான மலை சைக்கிள் எஃப்.டி.கள் கைகொடுக்கும். நம்மூர் ஹைப்ரிட், மலை சைக்கிள்களில் பரவலாக வரும் 42-34-24 கிராங்கோடு இருக்கும் ஷிமானோ டர்னி எஃப்.டி. அந்த வளைவுக்கே செய்தது. விலை குறைவு என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம். இரும்புக் கேஜ், கனமானது, ஆனால் வளைவு சரியாக இருப்பதால் 42-26-க்கு விலை உயர்ந்த ரோட் எஃப்.டி.யைவிட ஒழுங்காக மாறும்.

40-லிருந்து 34 வரை மலை சைக்கிள் இரட்டை எஃப்.டி. 38-28, 36-26, 34-24 என்று ஷிமானோவின் டியோர், எக்ஸ்.டி. வரிசைகளில் வந்த கிராங்குகளுக்காகச் செய்தவை இவை. 34–38 என்று குறிப்பிலேயே போட்டிருக்கும். 40 பல்லுக்கு 40-30-22 கிராங்கோடு வரும் ஆல்டஸ், அசேரா எஃப்.டி.யும் பொருந்தும்.

ட்ராப் பார் (கீழே வளைந்த ரோட் ஹேண்டில் பார்) ஷிஃப்டரோடு மலை சைக்கிள் எஃப்.டி. ஓடுமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேஜ் ஒரு செயின்ரிங்கிலிருந்து அடுத்ததுக்கு நகர மலை சைக்கிள் எஃப்.டி.க்கு அதிக கேபிள் இழுக்க வேண்டும். ரோட் ஷிஃப்டர் அவ்வளவு இழுக்காது. இரண்டையும் சேர்த்தால் லீவர் முழுக்கத் தள்ளிய பிறகும் கேஜ் பாதி வழியில் நிற்கும். அப்போது கேஜ் வெளியே போகும் எல்லையை வைக்கும் ஹெச் ஸ்க்ரூவைத் தளர்த்துவதில் பயனே இல்லை. ஸ்க்ரூ தடுக்கவில்லை, இழுவை போதவில்லை.

வழிகள் இருக்கின்றன. என் முதல் பரிந்துரை ஃப்ரிக்ஷன் லீவர், அதாவது கிளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் பழைய பாணி லீவர். ஹேண்டில் பாரின் நுனியில் செருகும் வகையும் உண்டு, கீழ்க்குழாயில் மாட்டும் வகையும் உண்டு. அது எந்த எஃப்.டி.யையும் எந்த அளவுக்கும் இழுக்கும். உரசினால் ஒரு மயிரிழை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். முன்னால் இருப்பது இரண்டே செயின்ரிங். அதற்கு கிளிக் அவசியமே இல்லை. வலது பக்கம் கிளிக் உள்ள இண்டெக்ஸ் ஷிஃப்டர், இடது பக்கம் ஃப்ரிக்ஷன் என்று வைத்து நெடும்பயணம் போகிறவர்கள் நிறைய.

லீவரை மாற்ற மனமில்லை என்றால் கேபிளைக் கவ்வும் இடத்தைப் பாருங்கள். எஃப்.டி.யின் கையில் கேபிள் போல்ட் சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் கேபிளைக் கவ்வுகிறதோ அதைப் பொறுத்துத்தான் நகர்வு. கேபிளைப் போல்ட்டின் அச்சுப் பக்கமாக மாற்றிக் கவ்வினால் அதே இழுவைக்குக் கேஜ் கூடுதலாக நகரும். லீவர் கொஞ்சம் கனக்கும். சில ஜோடிகளில் இந்த ஒரு மாற்றமே போதும். போதாத ஜோடியோடு நாள் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம், ஃப்ரிக்ஷனுக்குப் போய்விடுங்கள்.

பார் நேராக இருக்கும் சைக்கிளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. மலை சைக்கிள் எஃப்.டி.க்கு மலை சைக்கிள் ஷிஃப்டர் என்று ஜோடியாக வாங்கிவிடலாம்.

என் ஃபிரேமில் எஃப்.டி. போல்ட் மாட்டும் காது ஒட்டியே வந்திருக்கிறது. கீழே இறங்க மறுக்கிறது. என்ன செய்ய?

பிரேஸ்-ஆன் என்று சொல்லும் அந்தக் காதில் உள்ள நீள்துளை 50–53 பல்லுக்காக வைத்தது. பெரும்பாலான ஃபிரேம்களில் 46 வரை இறங்கிவிடும். 42-க்கு 16 மி.மீ. வேண்டுமே, அவ்வளவு நீளத் துளை இருக்காது. காது போல்ட்டில் கழன்று வருவதாக இருந்தால், அதைக் கழற்றிவிட்டுக் குழாயைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் அடாப்டரைத் தேவையான உயரத்தில் மாட்டலாம். குழாய் உருண்டையாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். கார்பன் ஃபிரேமில் கிளாம்ப் இறுக்குவதற்கு முன்னால் அந்த இடம் கிளாம்ப் தாங்குமா என்று ஃபிரேம் செய்தவர்களின் குறிப்பைப் பார்த்துவிடுங்கள்.

காதிலேயே மாட்டிக் கீழே இறக்கித் தரும் நீட்டிப்புத் துண்டுகளும் கிடைக்கின்றன. அவை கொஞ்சம் ஆடும், ஆடும் எஃப்.டி. மெதுவாகத்தான் மாற்றும். ஏரோ வடிவக் குழாயும் நிலையான காதும் சேர்ந்த ஃபிரேம் உங்களுடையது என்றால் 46-30-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது பின்னால் பெரிய கேசட்டாக (பின்சக்கரப் பல்செட்) போடுங்கள்.

மூன்று செயின்ரிங் கிராங்கிலிருந்து பெரியதைக் கழற்றிவிட்டு நடுவையும் சின்னதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. சின்ன கியருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. 48-36-26 கிராங்கில் 48-ஐ எடுத்துவிட்டு நடுவில் 40 போட்டால் 40-26 கிடைத்துவிடும். நடு செயின்ரிங் இருக்கும் இடத்தில் 40 பல் மாட்டும்போது அதன் பல் செயின்ஸ்டேயில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

இரண்டு செயின்ரிங்கும் இப்போது ஃபிரேமுக்கு நெருக்கமாக வந்துவிட்டதால் செயின்லைன் உள்ளே நகர்ந்திருக்கும். பெரியதைக் கழற்றியதில் ஹெச் ஸ்க்ரூவை நிறைய உள்ளே திருக வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் செயின் நேராக மிதிக்கட்டையில் போய் விழும். செயின்ரிங் போல்ட்டுகளும் நீளமாகத் தெரியும். ஒரு செயின்ரிங்குக்கான குட்டைப் போல்ட் வாங்குங்கள், அல்லது காலி இடத்தில் கார்டு வளையம் ஒன்று மாட்டிவிடுங்கள். பேண்ட் நுனி செயினில் சிக்காது என்பது கூடுதல் லாபம்.

மூன்றுக்கான எஃப்.டி.யை இரட்டையில் போட்டால் உள்தகடு இடிக்காதா?

பெரியதுக்கும் சின்னதுக்கும் 14, 16 பல் வித்தியாசம் இருந்தால் இடிக்காது. மூன்றுக்கான எஃப்.டி.யின் உள்தகடு ஆழமாக இறங்கும், சின்ன செயின்ரிங்கிலிருந்து செயினைத் தூக்கி எடுக்க அது நல்லதும்கூட. வித்தியாசம் 8, 10 என்று நெருங்கினால்தான் தொல்லை.

பொருத்துவதும் சரிசெய்வதும் எந்த வரிசையில்?

கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும்போது எதைப் பார்த்தாலும் தவறாகத்தான் தெரியும். பின்னால் செயினைப் பெரிய பல்லிலும் முன்னால் சின்னதிலும் போட்டுவிடுங்கள்.

முதல் வேலை உயரம். கேஜைக் கையால் வெளியே இழுத்து, வெளித் தகட்டின் கீழ் விளிம்பு பெரிய செயின்ரிங் பல்லுக்கு நேர் மேலே வரும்படி பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாணயம் நுழைந்து, லேசாக உரசிக்கொண்டு வெளியே வந்தால் சரி. செயின்ரிங்கில் எல்லாப் பல்லும் ஒரே உயரம் இல்லை, செயின் ஏறுவதற்காகச் சில பற்களைக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். ஆகவே கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, மிக உயரமான பல்லை வைத்து அளந்துகொள்ளுங்கள். வளைவு சரியாகப் பொருந்தாத எஃப்.டி. என்றால் 3 மி.மீ. விட இடமே இல்லை, 1 மி.மீ.க்கு நெருக்கமாக இறக்குங்கள். பின்னால் விரியும் இடைவெளியை முன்னால் கொஞ்சமாவது ஈடுகட்ட வேண்டும்.

இறக்கியதும் இரண்டு இடத்தைப் பாருங்கள்: கேஜின் வால் செயின்ஸ்டேயைத் தொடுகிறதா, கேஜை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும்போது தகடு எந்த செயின்ரிங்கிலாவது இடிக்கிறதா. தொட்டால் அந்த எஃப்.டி. உங்கள் ஃபிரேமுக்கு ஆகாது. அரத்தை எடுக்கும் முன் வேறு எஃப்.டி. தேடுங்கள்.

இரண்டாவது கோணம். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் வெளித் தகட்டின் நேரான பகுதி பெரிய செயின்ரிங்குக்கு இணையாக இருக்க வேண்டும். கிளாம்பை இறுக்கும்போது அது தானாக ஒரு பாகை திரும்பிவிடும், அதனால் இறுக்கி முடித்த பிறகு மறுபடி பாருங்கள். கிளாம்ப் போல்ட் 5–7 நியூட்டன் மீட்டர் போதும்.

மூன்றாவதுதான் ஸ்க்ரூ. கேஜ் உள்ளே வரும் எல்லையை வைக்கும் எல் ஸ்க்ரூவைத் திருகி, உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி வையுங்கள். அப்புறம் ஷிஃப்டரைக் கீழ் நிலையில் வைத்து, கேபிளைக் கையால் நன்றாக இழுத்துக் கவ்வுங்கள். கேபிள் புதிது என்றால் கீழ்க்குழாய் ஓரமாகத் தெரியும் இடத்தில் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து இழுத்து, தளர்ந்ததைத் திரும்பக் கவ்வுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் நாலு நாளில் மறுபடி இதே வேலை.

கடைசியாகச் செயினைப் பெரிய செயின்ரிங்குக்கும் பின்னால் சின்னப் பல்லுக்கும் கொண்டுபோய், ஹெச் ஸ்க்ரூவால் வெளித் தகட்டுக்கும் செயினுக்கும் நடுவில் அதே அரை மில்லிமீட்டர் வையுங்கள். செயின் ஏறத் தயங்கினால் முதலில் கேபிள் இறுக்கத்தைக் கூட்டுங்கள், ஹெச் ஸ்க்ரூ அதற்குப் பிறகு.

சின்ன செயின்ரிங்கில், பின்னால் சின்னப் பல்லுக்குப் போனால் டரடரவென்று சத்தம். ஸ்க்ரூ எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கேஜின் வாலைப் பாருங்கள். இரண்டு தகடுகளையும் பின்னால் சேர்த்துப் பிடிக்கும் ஒரு குறுக்குத் துண்டு, ஒரு சின்ன ஸ்க்ரூவோடு இருக்கும். செயின் பின்னால் பெரிய பல்லில் இருக்கும்போது அதற்கு மேலே தாராளமாகப் போகும். பின்னால் ஒவ்வொரு பல்லாகச் சின்னதுக்கு வர வர செயினின் மேல் ஓட்டம் தாழ்ந்துகொண்டே வரும். கடைசி இரண்டு மூன்று பல்லில் அந்தத் துண்டின் மேலேயே இழைந்து ஓடும். துண்டில் பளபளவென்று ஒரு தடம் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், சத்தம் அங்கேயிருந்துதான்.

பெரியதுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம் கூடக் கூட இது தவிர்க்க முடியாதது. கெப்பாசிட்டி என்ற எண்ணின் பொருளே இதுதான். உயரத்தில் மிச்சம் இருந்தால் எஃப்.டி.யை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு மூன்று பல்லைச் சின்ன செயின்ரிங்கில் பயன்படுத்தாதீர்கள். அதே கியர் பெரியதில் நடுப்பல்லில் கிடைக்கிறது. 30-க்கு 12 போட்டு உரசிக்கொண்டு ஓட்டுவதற்குப் பதில் 46-க்கு 19 போடுங்கள், கிட்டத்தட்ட அதே கியர்தான், செயினும் நேராக ஓடும்.

சின்னதுக்கு இறக்கும்போது செயின் உள்ளே விழுந்துவிடுகிறது.

16 பல் வித்தியாசத்தில் செயின் ஒரே தாவலில் 30 மி.மீ.க்கு மேல் கீழே குதிக்கிறது, அதனால் இது நடக்கும். எல் ஸ்க்ரூவை இறுக்கி இடைவெளியைக் குறையுங்கள், ஆனால் இறங்கவே மறுக்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். சீட் டியூபில் மாட்டும் செயின் கேட்சர் ஒன்று வாங்கிப் போடுங்கள். விலை கொஞ்சம்தான், கார்பன் ஃபிரேமில் செயின் விழுந்து சுரண்டிய தழும்பைப் பார்த்தவர்கள் அதை வாங்கத் தயங்க மாட்டார்கள். இன்னொன்று ஓட்டும் பழக்கம்: மேடு தொடங்கி, கால் முழு பலத்தோடு அழுத்தும்போது இறக்க வேண்டாம். மேட்டுக்குச் சற்று முன்பே, மிதியை இலகுவாக்கி இறக்குங்கள். பின்னால் நடுப்பல்லில் இருக்கும்போது இறக்கினால் இன்னும் பத்திரம்.

பெரியதுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது.

உயரம் அதிகமா என்று பாருங்கள், அப்புறம் கேபிள். இரண்டும் சரியென்றால் செயின்ரிங்கைப் பாருங்கள். உட்பக்கத்தில் செயினைத் தூக்கிவிடும் பின்களும் சரிவுகளும் இருக்கிறதா? ஒற்றை செயின்ரிங் கிராங்குக்கான, ஒரு பல் அகலம் ஒரு பல் குறுகல் என்று வெட்டிய வகையை இரட்டையில் மாட்டினால் எஃப்.டி. எதுவும் செய்ய முடியாது. பின்கள் இருந்தும் ஏறவில்லை என்றால் செயின்ரிங் திரும்பி மாட்டப்பட்டிருக்கலாம். வெளிப்பக்கம் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பின் கிராங்க் கைக்குப் பின்னால் வர வேண்டும். அப்படி வந்தால்தான் மற்ற சரிவுகளும் அதனதன் இடத்தில் இருக்கும்.

8 ஸ்பீடு எஃப்.டி.யில் 10, 11 ஸ்பீடு செயின் ஓட்டலாமா?

ஓட்டலாம். 8 ஸ்பீடு செயின் ஏறக்குறைய 7.1 மி.மீ. அகலம், 11 ஸ்பீடு செயின் 5.5 மி.மீ.யை ஒட்டியது. அகலக் கேஜில் ஒல்லிச் செயின் போட்டால் உரசல் குறையும், மாறுவது கொஞ்சம் தாமதமாகும். ஃப்ரிக்ஷன் லீவர் வைத்திருப்பவர்களுக்கு அந்த அகலம் வசதிதான். தலைகீழாகச் செய்யாதீர்கள், ஒல்லிக் கேஜில் அகலச் செயின் எல்லாப் பக்கமும் உரசும்.

கேஜை வளைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்களே?

இரும்புக் கேஜின் முன்மூக்கை இடுக்கியால் லேசாக உள்ளே வளைத்தால் செயின் இன்னும் விரைவாக ஏறும், அது உண்மை. ஆனால் உயரமும் கோணமும் சரியாக இருக்கும்போது அதற்குத் தேவையே வராது. அலுமினியம் கேஜை வளைக்கவே வேண்டாம், உடையும்.

பின் டீரெய்லரையும் மாற்ற வேண்டுமா?

கூட்டிப் பாருங்கள். முன்னால் 46-30 என்றால் வித்தியாசம் 16. பின்னால் 11-34 என்றால் 23. மொத்தம் 39. ஷிமானோவின் நீளக் கை ரோட் பின் டீரெய்லர் அதுவரை தாங்கும். 42-24 போட்டால் 41 ஆகிவிடும், மலை சைக்கிள் வகை வேண்டும். செயினையும் புதிய பெரிய செயின்ரிங்குக்கு ஏற்ப வெட்டியாக வேண்டும். 50-க்கு வெட்டிய செயின் 42-ல் தொங்கும், தொங்கும் செயினை எஃப்.டி.யால் கட்டுப்படுத்த முடியாது.

சின்ன செயின்ரிங் சீக்கிரம் தேயுமா?

தேயும். அதே பலத்தைக் குறைந்த பற்கள் தாங்குகின்றன, செயினில் இழுவையும் கூடுகிறது. இரும்பில் கிடைத்தால் சின்ன செயின்ரிங்கை இரும்பிலேயே வாங்குங்கள்.

வழியில் முன் கேபிள் அறுந்துவிட்டால்?

ஸ்பிரிங் கேஜை உள்ளே இழுத்துவிடும், செயின் சின்னதில் நிற்கும். 30 பல்லில் பின்னால் 11 போட்டு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 31 கி.மீ. வரும், வாலில் கொஞ்சம் உரசினாலும் வீடு வந்து சேரலாம். மீதி வழி முழுக்கச் சமதரை என்றால் எல் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போங்கள். பல எஃப்.டி.களில் கேஜ் பெரிய செயின்ரிங் பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும். செயினைக் கையால் தூக்கிப் பெரியதில் போட்டுவிட்டு ஓட்டுங்கள். திருகும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டால், புதுக் கேபிள் போட்ட பிறகு அதே எண்ணிக்கை திருப்பினால் போதும்.